துரை மீது ஒரு புகார்

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்மா. இந்த வீட்டுல நானா, துரையா?”

குளியலறை வாசலில் நின்று மகள் கத்தினாள். கையில் சொட்டச் சொட்ட ஒரு துணி பேனர். நாளைக்குக் கல்லூரி வாசலில் நடக்கப் போகும் போராட்டத்துக்காக நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதியது. சிவப்பு பெயின்ட் அவள் முழங்கை வரை வழிந்தது. கூடவே, மூக்கைத் துளைக்கும் நாற்றம்.

துரை பீரோ மேல் உட்கார்ந்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. பூனைக்குப் பேர் மட்டுமா துரை? பார்வையும் அப்படித்தான்.

அம்மாவுக்குக் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க போனில் ஊராரின் ஆத்திரத்தைக் கேட்டுப் பழகிய காது. அலட்டிக்கொள்ளவே இல்லை.

“சரி, புகார் என்ன?”

“போன வாரம் கால்மிதி. முந்தாநாள் அழுக்குத் துணி. இன்னிக்கு என் பேனர். ஹால்ல பெயின்ட் பட்டா நீ திட்டுவேன்னு பாத்ரூம்ல விரிச்சு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“பாவம்டி, அதுக்கு என்ன கஷ்டமோ.”

“கஷ்டமா? கொழுப்பு! மணல் பெட்டிதான் இருக்கே, அதுல போறதுக்கு என்ன கேடு? துரைக்கு அது பிடிக்கலேன்னா வேற வீடு பாத்துக்கட்டும். கீழே அச்சகக்காரர் எலி பிடிக்கப் பூனை கேட்டுட்டே இருக்கார். சாயந்திரம் கொண்டு போய் விட்டுடறேன்.”

“இதா? எலி பிடிக்கவா? இது கரப்பான்பூச்சிக்கே ஒதுங்கி வழிவிடும்.”

“பேச்சை மாத்தாதேம்மா.”

அம்மா இடுப்பு வலிக்குக் கட்டியிருந்த பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். “மழையில நனைஞ்சு கிடந்த துரையைத் தூக்கிட்டு வந்தப்போ, ‘எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ குனியவே வேண்டாம்’னு சொன்னது யாரு?”

“சொன்னேன். அதுக்காக என் போராட்டத்தைப் பலி கொடுக்கணுமா? எங்க காலேஜ் பதிவாளர் என்ன சொன்னார் தெரியுமா? ‘இருக்கறதை வெச்சு சமாளிங்க, பிடிக்கலேன்னா வேற காலேஜ் பாத்துக்குங்க’ன்னார்! வந்து எட்டிப் பார்க்கக்கூட மனசில்லாத ஆளு!”

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “ஆதாரம் இருக்கா வக்கீலம்மா? வெறும் வாய்ப்பேச்சையெல்லாம் நான் பதிவு பண்றதில்லை” என்றாள்.

“ஆதாரம்தானே? கையும் களவுமா வீடியோ எடுத்துக் காட்டறேன்.”

பூனையைக் கொண்டுபோகக் கூடையைத் தயாராக வைத்துவிட்டு, குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனும் கையுமாகப் பதுங்கினாள்.

கால் மரத்துப்போன பிறகுதான் துரை வந்தது.

நேராகக் குளியலறைச் சுவரோரம் இருந்த மணல் பெட்டிக்குப் போனது.

அவள் புருவம் சுருங்கியது. அங்கேயா?

துரை முன்னங்காலைத் தூக்கி உள்ளே வைத்தது. சட்டென்று எடுத்து உதறியது. சுற்றி வந்து மறுபக்கம் முயன்றது. அங்கேயும் கால் வைக்க இடமில்லை. மணல் முழுக்கக் கட்டி கட்டியாகக் கிடந்தது. அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்து எத்தனை நாளாயிற்று? போராட்ட வேலை ஆரம்பித்ததிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

துரை வாசல் வரை போனது. பின்னங்கால்கள் நடுங்கின. வால் நுனி துடித்தது. அடக்கிக்கொண்டிருந்தது.

எதிரே ஹாலில் சோபா, மெத்தை, மடித்து வைத்த துணி. எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பி வந்தது. மறுபடி பெட்டி. மறுபடி உதறல்.

கடைசியில் மூலைக்குப் போய், தண்ணீர் வெளியேறும் துளைக்கு நேராக, அளந்து வைத்தாற்போல் உட்கார்ந்தது. கால்மிதியும் அழுக்குத் துணியும் கிடந்த மூலை அதுதான். நேற்று அவள் பேனரை விரித்த மூலையும் அதுதான்.

முடிந்தும் அது நகரவில்லை. வழவழ டைல்ஸை நகத்தால் சுரண்டியது. இல்லாத மணலை இழுத்து இழுத்து மூடியது. முகர்ந்து பார்த்தது. மூடியபாடில்லை. மறுபடி சுரண்டியது. மறுபடி, மறுபடி.

மூன்று கிலோகூட இல்லாத உயிர். கேட்க வாயில்லை, கூட நிற்க ஆளில்லை. அதற்குள் இவ்வளவு மானமா?

போனில் பட்டனை அழுத்தவே மறந்திருந்தாள்.

எழுந்து போய் பெட்டியைக் கொட்டினாள். தேய்த்துக் கழுவினாள். துடைத்துப் புது மணல் நிரப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். துரை வந்து மோப்பம் பிடித்தது. ஏறியது. அடக்கியதில் மிச்சம் இருந்ததோ என்னவோ, கண்ணைப் பாதி மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு மணலை இழுத்து அழகாக மூடியது. வெளியே ஒரு சொட்டு இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன வக்கீலம்மா, பதிவு பண்ணவா?”

“பண்ணும்மா. ஆனா புகார் கொடுக்கறது துரை.”

“எதிர்த்தரப்பு?”

மகள் பேனரை அலசிப் பிழிந்து கொடியில் விரித்தாள். சிவப்பு வெளிறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. தான் எழுதியதையே இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள்போல் படித்தாள்:

“‘கழிப்பறைதான் இருக்கிறதே’ என்று சொல்லும் நிர்வாகமே, ஒரே ஒரு முறை உள்ளே வந்து பார்!”