வெற்றுக்கட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காயுமுன் அக்காவும் தங்கையும் சொல் விளையாட்டுப் பலகையை விரித்துவிடுவார்கள். அம்மா போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. எழுத்துக் கட்டைகளில் ஒன்றுதான் குறைந்தது. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம் என்கிற, மேலே ஒன்றும் எழுதாத வெற்றுக்கட்டை. அது தன் கைக்கே வர வேண்டுமென்று அம்மா சின்னக் குழந்தை மாதிரி அடம்பிடிப்பாள். அதனால் புதைக்கும் முன் அக்காதான் அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

படுக்கையில் கிடந்தவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியதெல்லாம் அக்கா. தங்கை விருந்தாளி மாதிரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். "நீதான்டி எனக்கு எல்லாம்" என்று அம்மா சொன்னது அக்காவிடம்தான்.

இன்று தங்கை பலகையில் ஒரு சொல்லை அடுக்கினாள். அதன் நடுவில் வெற்றுக்கட்டை இருந்தது. ஓரத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது.

அக்கா அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அடிப்பாவி, அம்மா கையிலேர்ந்து எடுத்தியா?"

"நான் ஏன்க்கா எடுக்கறேன்?" தங்கை பைக்குள் அடுத்த கட்டையைத் துழாவினாள். "அம்மா எப்பவும் போல மேஜைக்கு அடியில குடுத்தாங்க. ஏன், உனக்குக் குடுத்ததே இல்லியா?"

அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேஜைக்கு அடியில் கையை நீட்டி விரித்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குளிர்ந்த விரல்கள் வந்தன. ஒன்றும் வைக்காமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுப் போயின.