முகூர்த்தத்துக்குக் கேட்ட தேதி

அத்தையின் மூச்சில் காபி மணந்தது.

அவள் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டாள். வெறும் வயிற்றுக்கு எந்த மணமும் கூடுதலாகத்தான் தெரியும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்று பேருக்கும் ரத்தப் பரிசோதனை என்றுதான் லேபுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு செக்கப். சர்க்கரை, ரத்த வகை, அவ்வளவுதான். யாரும் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும்.

அத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் மகன் தரணிதரன். ஆவணியில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன்.

அவன் சட்டையில், இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில், ஒரு துளி சாம்பார்.

நேற்றைய சட்டையாக இருக்கலாம்.

சலவை மடிப்பு கலையாமல் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் அவனைப் பார்த்துத் தெரிந்தவன்போலத் தலையசைத்தான். தரணிதரன் சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை நோய் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். வெகு கவனமாக வாசித்தான்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பெயரை மட்டும்.

கூடவே அத்தையும் எழுந்தாள். துணைக்கு என்றாள். அவனும் உள்ளே வந்து திரைச்சீலை ஓரமாக நின்றான்.

ரத்தம் எடுக்கும் பெண் அவள் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். நரம்பைத் தேடி விரலால் தட்டினாள். தட்டிக்கொண்டே, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"ரெண்டாவது நாள்தானுங்களே?"

அவளுக்குக் காது சுட்டது. அவன் கேட்கிற தூரத்தில்தான் நின்றான்.

"சர்க்கரை பாக்கறதுக்கு அதெல்லாம் எதுக்குங்க?"

"சர்க்கரை இல்லீங்க்கா, இது ஹார்மோன். கருமுட்டை எப்படி இருக்குது, எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறது. ரெண்டாவது, மூணாவது நாள்ல எடுத்தாத்தான் சரியாத் தெரியும்." அந்தப் பெண் நிமிர்ந்தாள். "உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை.

தேதி மட்டும் கேட்டார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அத்தைதான் போன் செய்தாள். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. முகூர்த்தம் குறிக்கோணும். உனக்கு மாசத்துல எப்ப வரும்?"

எல்லார் வீட்டிலும் கேட்பதுதான். மணவறையில் உட்காருகிற நாள் அந்த நாளாக இருந்துவிடக் கூடாது. அவள் கூச்சத்தோடு சொன்னாள். முகூர்த்தமும் குறித்தாயிற்று. அதற்கப்புறம் அத்தைக்கு அந்தத் தேதியால் ஆகவேண்டிய வேலை ஒன்றுமில்லை.

நேற்றுக் காலையில் இன்னொரு போன். "உடம்பு எப்படி இருக்குது? வந்துருச்சா கண்ணு?"

என்ன அக்கறை என்று அவள் நெகிழ்ந்துபோனாள். அம்மாவிடம் பெருமையாக வேறு சொன்னாள். இப்போது அதை நினைக்க, அத்தைமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அதிகம் வந்தது.

அத்தை அவள் தோளில் கை வைத்துச் சிரித்தாள். "நல்லதுக்குத்தான் கண்ணு. உனக்கும் முப்பத்திரண்டு ஆச்சல்ல. பாத்து வெச்சுக்கிட்டா அப்புறம் கவலை இல்ல."

அவனுக்கு முப்பத்தாறு. அதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. கஷ்டமே அதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சம்பளத்தைக் கேட்டபோது, இவன் ஒருவன்தான் என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டான். அவள் யோசித்துச் சொல்லும்வரை காத்துக்கொண்டும் இருந்தான்.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க அப்பா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது எழுந்து போனால் எல்லாம் போய்விடும்.

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முழுக்க அத்தையின் வேலை. அப்படி நம்பத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாம்பார் துளி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"கொழந்தைக்கு ரெண்டு பேரும்தான வேணும்," என்றாள் அந்தப் பெண்ணிடம். "அப்படியே அவருக்கும் எடுத்துருங்க."

"அவனுக்கு எதுக்குக் கண்ணு மறுபடியும்?"

சொன்ன பிறகுதான் அத்தைக்கே உறைத்தது. தோளில் இருந்த கை விலகியது.

வெளியே யாரோ இருமினார்கள்.

ரத்தம் எடுக்கும் பெண் ஊசியின் மூடியைக் கழற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்கட்டுங்களா அக்கா?"

காலையிலிருந்து அவளை ஒருவர் கேட்டுச் செய்வது இதுதான் முதல் தடவை.

"ஒரு நிமிசம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏற்கெனவே எடுத்ததுல என்னங்க வந்துச்சு?"

குரலில் சண்டை இல்லை. என்ன குறை இருந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடத் தயாராகத்தான் இருந்தாள். அவன் சொன்னால் போதும். அரைகுறையாகச் சொன்னாலும் போதும்.

அவன் வாயைத் திறந்தான்.

திறந்தவன், அம்மாவைப் பார்த்தான்.

ரப்பர் பட்டையை அவளே அவிழ்த்தாள்.