சிவப்பு மூடி வைக்கும் வீடு

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்தில், காலை வெயிலில், வீட்டுக்கு ஒரு கட்டமாகக் கோலமாவால் வரைந்த தெரு வரைபடம் விரிந்து கிடக்கிறது. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டின் மேல் சிவப்பு பாட்டில் மூடி வைக்க வேண்டும். வெள்ளம் புகுந்தால் மீட்புப் படகு அங்கேதான் முதலில் போகும். வெள்ள மீட்புப் பயிற்சி தரும் இளவேனில் மூடியை நீட்ட, கிரேஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் வின்சென்ட், யாருக்கும் தெரியக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் கோலாருக்குப் போயிருப்பதாகத்தான் அவள் சொல்லிவருகிறாள். “இன்னா கிரேஸு, உன் வூட்டுக்காரரு கோலார்லயே செட்டிலாயிட்டாரா?” என்று பக்கத்து வீட்டு உஷா சீண்ட, எல்லோரும் சிரிக்கிறார்கள். கிரேஸ் இளவேனிலைப் பார்க்கிறாள். “மூடி இல்லாத வீட்டுக்கு எப்பம்மா வருவீங்க?” “கடைசியிலதான்க்கா.” கிரேஸ் மூடியை வாங்கிக் குனிந்து தன் வீட்டுக் கட்டத்தின் நடுவில் வைக்கிறாள். பிறகு ஒற்றை விரலால் அதைப் பின்மூலைக்குத் தள்ளுகிறாள். “பின் ரூமு, உஷா. ஜன்னல் கெடயாது.”