பேசாத படகின் அலைவரிசை

நல்ல மீன்பாடு கிடைத்துவிட்டால் தொபியாஸ் வயர்லெஸ்ஸில் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் மற்ற படகுகளின் காதில் விழும்; அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் அங்கே வந்து வலையை இறக்கிவிடுவார்கள். அதனால் கடலுக்குப் போன கணவர் மூன்று நாளாகப் பேசாததில் அவர் மனைவி பிளாரன்ஸுக்கு மகிழ்ச்சிதான். வீட்டிலிருந்த வயர்லெஸ் செட்டைத் துடைத்து வைத்துவிட்டு, வரப்போகும் மீனுக்கு ஐஸ்கட்டிக்கும் சொல்லிவைத்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் தெற்கே வானம் கறுத்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். பிளாரன்ஸ் செட்டின் பொத்தானை அழுத்திக் கத்தினாள்.

"ஏங்க, கேக்குதா? புயல் வருது, உடனே கரைக்கு வாங்க!"

செட் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசும். "இந்தப் படகு மூன்று நாட்களாகப் பேசவில்லை. சும்மா கிடந்த அதன் அலைவரிசை தேவைப்படுவோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது.

"யாருக்குக் குடுத்த? அந்த மனுசன் கடல்ல கெடக்காரு, யாருக்குக் குடுத்த?"

"தங்கள் வீட்டுக்கு."

உள்ளறையில் மகள் ஜெனிட்டா டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, மூணு நாளா படம் நின்னு நின்னு போகாம ஓடுதும்மா!"

பிளாரன்ஸ் டிவியின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்து மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

"நன்றி. தாங்கள் விட்டுக்கொடுத்த அலைவரிசை அடுத்த வீட்டுக்கு வழங்கப்பட்டது."

சுவருக்கு அப்பால் ஒரு டிவி தடங்கலில்லாமல் பாடத் தொடங்கியது. அதற்கும் அப்பால் இன்னும் நாற்பது வீடுகள் இருந்தன.