இடது இண்டிகேட்டர் எரியாத கதை

பானெட்டை நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அதைத் தாங்கும் கம்பி உடைந்து இரண்டு வருஷமாகிறது. கம்பி எதற்கு, மச்சான் இருக்கும்போது என்பது சின்னராஜ் மாமாவின் கொள்கை.

பதினோரு மணிக்கு, மலைக்குக் கீழே டிரைவிங் டெஸ்ட். போன மாதம் ஃபெயில்.

"இடது இண்டிகேட்டர் பல்பு போய்டுச்சி, அதான்" என்று நெல்லிவாசல்நாடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொன்னவர் மாமா. பதினெட்டு வருஷமாக மலையில் கார் ஓட்டுகிறவர் சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்?

இந்தத் தடவையும் ஃபெயில் ஆனால் வேலை கைநழுவிப் போகும். சாமையும் புளியும் வாங்குகிற கம்பெனி ஒன்று, ஊர் ஊராகப் போய் மூட்டை ஏற்றிவர ஒரு வேன் தருகிறது. ஓட்டுகிறவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் நல்லது, ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் எடுக்கலாம் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் இரண்டு லைசென்ஸைக் காட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பது ஒன்று.

என் அக்கா அருணா எட்டு மணிக்கே நல்ல புடவை கட்டி, ஃபைலோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

மாமாவிடம் அந்தக் கவலையெல்லாம் இல்லை. போன வாரமே செல்போனில் மூன்று வீடியோ பார்த்து முடித்திருந்தார்.

"பல்புன்னா சும்மா இல்ல மச்சான். வோல்ட் கீது, வாட்ஸ் கீது, அப்பறம் கெல்வின்னு ஒருத்தன் கீறான்."

வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற அந்தக் கெல்வினுக்காக, ஹெட்லைட் பல்பு வாங்க ஆலங்காயத்துக்கு இரண்டு தடவை போய்வந்தார். முதல் தடவை வாங்கியது பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். மலைப் பனியில் போட்டுப் பார்த்தால், காருக்கு முன்னால் யாரோ வேட்டி காயப்போட்டது போல நின்றது. ரோடு வேட்டிக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

மறுபடி போய் மஞ்சள் வெளிச்சம் வாங்கிவந்தார். காரில் ஏற்கெனவே இருந்ததும் அதுதான்.

டெஸ்ட் நடப்பது பட்டப்பகலில், ஹெட்லைட்டுக்கு அங்கே வேலையில்லை. இதை எடுத்துச் சொல்ல எனக்குக் கை ஒழியவில்லை.

கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் பிசுக்கு சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும் என்று, புதுக் கைக்குட்டை ஒன்றைப் பிரித்து, பல்பை அதில் ஏந்தி மாட்டினார். பிறந்த குழந்தையைக்கூட அவர் அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை.

கடைசியாக, குற்றவாளி.

முழங்கை வரை உள்ளே விட்டு, இடது இண்டிகேட்டர் பல்பைத் திருகி எடுத்து என்னிடம் நீட்டினார். "பாரு, இதுதான் கவுத்துவுட்டது."

ஒரு கையால் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி அறாமல் முழுசாக இருந்தது.

பானெட் கனமாக இருந்தது. பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதியதைச் சொருகிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார். டிக்டிக்டிக்டிக் என்று பறந்தது சத்தம்.

"வேகத்தப் பாத்தியா மச்சான்? புதுசு புதுசுதான்."

அக்கா எழுந்து வந்தாள். முன் இண்டிகேட்டர் எரியவே இல்லை. முன்னும் பின்னுமான ஜோடியில் ஒன்று எரியாவிட்டால் மற்றது இப்படித்தான் படபடக்கும். அவள் கையை உள்ளே விட்டு, பல்பை அழுத்தி, கால் திருகு திருகினாள்.

டிக். டிக். டிக்.

"நேரமாவுது மாமா" என்றாள்.

பானெட்டை இறக்கியதும் என் தோள்பட்டை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அக்கா ஸ்டியரிங் பிடித்தாள். மாமா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் பின்னால் ஷேர் ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது.

"போவட்டும், வலது போடு" என்றார் மாமா.

எங்கள் மலையில் வலது இண்டிகேட்டர் போட்டால், வலது பக்கம் திரும்பப்போகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்னால் ரோடு காலி, தாண்டிப் போங்க என்று அர்த்தம். போடாமல் போகிறவனை மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

அக்கா போட்டாள். ஜீப் தாண்டியது. கம்பியில் தொங்கியவர்களில் ஒருவர் கையசைத்துவிட்டுப் போனார்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னாள்: "இங்க சரி மாமா. அங்க போய், பின்னால பைக்ல வந்து டெஸ்ட் பாக்குற ஆபீசருக்கு மறுபடியும் வலது போட்டு வழி வுட்டுடாத. போன மாசம் உன்ன ஃபெயிலாக்குனது அதுதான்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பெரிய மனுசன் வர்றாரு. மரியாதைக்கிப் போட்டேன்."

பதினெட்டு வருஷத்தில் மலைமேல் அவரிடம் லைசென்ஸ் கேட்க ஆளில்லை. வீட்டிலிருந்த அந்த ஒன்று அக்காவுடையது. தை மாதம் எடுத்தாள், இதே காரில், முதல் தடவையிலேயே.

இன்னும் இரண்டு வளைவு இறங்கினோம்.

அதற்கப்புறம், அன்று காலையிலிருந்து முதல் முறையாக, மாமா பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நேராப் போறதுன்னா, எதுவுமே போடக் கூடாதா அருணா?"