சாரல் படாத மூலை

தொட்டில் மிதந்தது.

தரைக்கு நாலு விரல் மேலே, பேய்ப்படத்தில் வருவதுபோல. மிதக்கக் கூடாது. நிற்க வேண்டும்.

அவள் மறுபடி கணினிக்குப் போனாள். ஓர் எண்ணை மாற்றினாள். திரும்பி வந்து, போன் காமிராவை ஜன்னல் மூலைக்கு நேரே பிடித்தாள்.

நின்றது!

நாலு காலும் தரையில் பதிய, கம்பிகளின் நிழல் வரிவரியாக விழ, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் பட்டு மின்ன, திரையில் மரத்தொட்டில் நின்றது.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினாள்.

சுற்றிச் சுற்றி வந்தாள். தொட்டில் அசையவில்லை. எட்டி உள்ளே பார்த்தாள். கடைக்காரர் கேட்காத ஒரு மஞ்சள் விரிப்பை உள்ளே போட்டிருந்தாள். அது அத்தனை அழகாக இருந்தது.

ஆறு மாதமாக இதுதான் வேலை. மரச்சாமான் கடை ஒன்றின் செயலிக்குப் பொருள்களைக் கணினியில் செய்து தர வேண்டும். வாங்க நினைப்பவர் போன் வழியே தன் வீட்டைப் பார்த்தால் சோபா அங்கேயே கிடக்கும். ஒவ்வொன்றையும் அவள் முதலில் தன் வீட்டில்தான் போட்டுப் பார்ப்பாள். தென்காசியிலேயே உட்கார முடியாத சோபா பத்தொன்பது உள்ள ஒரே வீடு நம்முடையதுதான் என்பான் அவள் கணவன்.

இன்றைய பட்டியலில் தொட்டில் இருந்தது. அவள் கேட்கவில்லை. தானாக வந்தது.

அவளுக்கு ஐந்தாம் மாதம்.

போன முறை நான்காம் மாதமே அவன் நிஜத் தொட்டிலை வாங்கிவிட்டான். தோளில் வைத்து மாடிப்படி ஏறி வந்தவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துபோனது.

பிள்ளை பிறக்குமுன் யாராவது தொட்டில் வாங்குவார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான்.

இந்த முறை ஒரு சின்னத் துணிகூட வீட்டுக்குள் வரவில்லை. பெயர்ப் பேச்சு கிடையாது. பிள்ளை என்ற சொல்லையே அவன் எடுப்பதில்லை. மூலை காலியாகவே கிடந்தது.

தன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். ஒற்றை ஆளாக எவ்வளவுதான் சந்தோஷப்படுவது?

மதியச் சாப்பாட்டுக்கு அவன் வந்தான். செருப்பைக் கழற்றவும் விடாமல் போனை நீட்டினாள்.

பார்த்தான்.

முகம் செத்துப்போனது.

"என்னட்டி இது?"

"வாங்கலங்க. கடை வேலைக்குச் செஞ்சது. வாங்குனாத்தானே தோஷம், பாத்தா என்ன?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். கை கழுவினான். உட்கார்ந்தான். குழம்பே ஊற்றாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

தப்பு செய்துவிட்டோமோ? அழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். விரல் போகவில்லை. திரையை அணைத்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே சாரல் பிடித்தது. ஜன்னல் திறந்து கிடந்தது.

அவன் எச்சில் கையோடு எழுந்தான்.

நேரே போனால் நாலே எட்டு.

அவன் நேரே போகவில்லை. மூலைக்கு வந்ததும் நின்றான். வயிற்றை எக்கினான். சுவரோரமாக ஒருக்களித்து, எதிலும் இடித்துக்கொள்ளாமல் நகர்ந்து ஜன்னலை எட்டினான்.

அங்கே ஒன்றுமே இல்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் அந்த இடத்தைப் பார்த்தான். மேலிருந்து கீழே, கால்வரைக்கும் பார்த்தான்.

"இங்க வேணாம்ட்டி. சாரல் அடிக்கும்."

அவள் போனைத் தேடவில்லை. துள்ளி எழுந்து போனாள். குனிந்து, தொட்டிலின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவன் பதறிக்கொண்டு வந்தான்.

"ஏ, நீ தூக்காத! விலகு, நான் தூக்குதேன்."