சுருளாத முன்பாய்

“‘பிப்ரவரி 10, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். பேரிங்கைக் கழுவிய பிறகு காயவிடாமல் ஈரத்தோடு மாட்டிவிட்டேன்.’ சின்னத் தப்பாம்ல! யாரும்மா நீ? என் படகக் கெடுக்கன்னே எவனாச்சும் அனுப்பி வச்சானா?”

சிவப்ரியாவின் நோட்டை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, முகம்மது இப்ராஹிம் அதைப் படகின் மேலேயே போட்டார்.

அவள் தலை குனிந்துகொண்டாள். குவைத்தில் முப்பது வருஷம் பாய்மரப் படகுகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வீட்டுக் கொல்லையை ஒட்டி, அரசலாற்றங்கரையில் நிற்கும் இந்தச் சின்ன இரட்டை மிதவைக் கேட்டமரானை இரண்டு பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வார். அதன் இரண்டு மிதவைகளுக்கும் தனித்தனிப் பெயர்கூட உண்டு. முன்பாயின் பழைய சுருட்டியை எடுத்துவிட்டு, பேரிங் வைத்த புதுச் சுருட்டியை மாட்டத்தான் அவளை அழைத்திருந்தார். பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் முன்கம்பியில் முன்பாய் தானே சுருண்டுகொள்ளும். கூட ஓர் ஆள் வேண்டாம். தனியாகவே கடலுக்குப் போய் வரலாம்.

ஆனால் மூன்று நாளாகப் பாய் சுருளவில்லை. சாயங்காலம் அவள் விட்டுவிட்டுப் போகும்போது பம்பரமாகச் சுற்றிய சுருட்டி, காலையில் வந்து பார்த்தால் இறுகிக் கிடந்தது.

“நல்ல தண்ணியிலதான் சார் கழுவினேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு சொட்டு எண்ணெய்கூட விடல.”

“அப்ப ஜின்னு வந்து இறுக்கிட்டுப் போவுதா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு நான் கடலுக்குப் போறேன். அதுக்குள்ள இது சுத்தணும். சுத்தலன்னா உன் சர்ட்டிபிகேட்டுல கையெழுத்து கிடையாது.”

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் படகுப் பழுது படிக்கும் மாலை வகுப்பில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண். ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு?’ என்று கேட்டவர்கள் அவள் ஊரான தருமபுரம் முழுக்க இருந்தார்கள்.

அவருடைய மனைவி அமீர் நிஷா டீயோடு வந்தார். “அந்தப் புள்ளைய ஏன் விரட்டுறீங்க? சுத்தாதது சுத்தாமலே கெடக்கட்டும். இந்த வயசுல கடல்ல என்ன வேலை?”

“வயசாச்சுன்னு உன்னைச் சொல்லிக்க. எனக்கு ஆகல.”

இப்ராஹிம் உள்ளே போனதும் சிவப்ரியா சுருட்டியைக் கழற்றினாள். பேரிங் குண்டுகள் விரலில் பிசுபிசுத்தன. உறையின் ஓரத்தில் வரிசையாக எறும்பு.

கடல் உப்புக்கு எறும்பு வராது.

“நிஷாம்மா, இது ஏதோ இனிப்பு மாதிரி இருக்கே?”

அமீர் நிஷா டம்ளரை அப்படியே கீழே வைத்தார். “எனக்கென்னம்மா தெரியும்?” என்றவர், டீ ஆறுவதற்குள் அடுக்களைக்குள் போய்விட்டார்.

சிவப்ரியா அடுக்களைப் பக்கம் பார்த்தாள். இவரா? கணவர் கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காக என் படிப்பில் கை வைக்கிறாரா? ஆனாலும் நோட்டில் இப்படித்தான் எழுதினாள்: ‘கண்ணால் பார்க்காமல் யார் மேலும் பழி போடக் கூடாது. என் தப்பாகவும் இருக்கலாம்.’

வியாழன் காலை, விடிந்தும் விடியாமலும் வந்து படகின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. வந்தது அமீர் நிஷா இல்லை. லுங்கியும் தொப்பியுமாக இப்ராஹிம். கையில் நன்னாரி சர்பத் பாட்டில். சுருட்டிக்குப் பக்கத்தில் குந்தி, மூடியைத் திறந்து, நூல் பிடித்தாற்போல மெல்ல அதற்குள் ஊற்றினார்.

சிவப்ரியா விருட்டென்று எழுந்து நின்றாள்.

“நீங்கதானா சார்? கையெழுத்துப் போட மனசில்லன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? மூணு நாளா என்னைய நானே சந்தேகப்பட்டேனே!”

இப்ராஹிம் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, திருட்டு முழியும் இல்லை.

“வாங்கம்மா. யாரு வேணும் உங்களுக்கு?”

“சார், விளையாடாதீங்க. நான் சிவப்ரியா.”

“மெதுவாப் பேசுங்க,” என்று உதட்டில் விரலை வைத்தார். “இங்க ஒரு பொண்ணு வேலைக்கு வருது. கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா எதுக்கெடுத்தாலும் பயப்படும். அதுக்கு ஒத்தாசையா, அது வர்றதுக்கு முந்தி தினம் நான் எண்ணெய் விட்டு வச்சிருவேன். அதுகிட்ட சொல்லிராதீங்க, என்ன?”

சிவப்ரியா வீட்டுப் பக்கம் திரும்பினாள். பத்தடி தூரத்தில், திறந்த கொல்லைக் கதவருகே அமீர் நிஷா நின்றுகொண்டிருந்தார். முக்காட்டின் நுனி வாயை அடைத்திருந்தது.

இப்ராஹிம் பாட்டிலைப் பத்திரமாக மூடினார். ஆற்றைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு அவளிடமே திரும்பினார்.

“அப்படியே முகம்மது இப்ராஹிம் வீடு எந்தப் பக்கம்னு சொல்றீங்களாம்மா? ரொம்ப நேரமாத் தேடுறேன்.”

அன்று மாலை சிவப்ரியா வகுப்புக்குப் போகவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்:

‘பிப்ரவரி 12, வியாழன். சுருட்டியில் பழுது எதுவும் இல்லை. நாளை காலை ஐந்து மணிக்கு: நிஷாம்மாவோடு சேர்ந்து முன்கம்பியைக் கழற்றி, பாய்மரத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும்.’